பதின்மூன்றாம் வாயில்: கொடுமுடித் தம்பதியர் இல்லறத்தில் நாய், கொத்துவேலை, குளிர்காலப் பயணம்

ஆய்வுச் சுருக்கம்

ஒவ்வொரு மார்கழியிலும் ஊட்டிக்குப் போவதாக முடிவெடுத்து, தை பிறந்ததும் அதைக் கைவிடும் தம்பதியர் கொங்கு நாட்டில் ஏராளம். கேட்டால், வீட்டில் கொத்துவேலை நடக்கிறது என்பார்கள்; நாயை யார் பார்த்துக்கொள்வது என்பார்கள். ஊரும் அதை நம்பிவருகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பயணம், கொத்துவேலை, நாய் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல, தாங்குபவை. அம்மூன்றும் கூடி உழைப்பதால்தான் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாகக் குடியிருக்க முடிகிறது என்பது இங்கே நிறுவப்படுகிறது.

1. களமும் காலமும்

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி செல்லும் ரயில் பாதையில், காவிரியின் மேற்குக் கரையில் இருக்கிறது கொடுமுடி. மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் வன்னி மரத்தடிப் பிரம்மாவும் ஒரே கோயிலில் இருப்பதால் மும்மூர்த்தி தலம் எனப்படுவது. கே. பி. சுந்தராம்பாள் 1908இல் பிறந்த ஊர். ஆகவே உச்சஸ்தாயி இங்கே யாருக்கும் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால், ஈரோட்டின் பக்கமிருந்து வளைந்து நெளிந்து வந்து இவ்வூருக்கு அருகேதான் முடிகிறது. நெல், கரும்பு, வாழை, மஞ்சள் எல்லாம் விளைகின்றன. அதாவது, இலக்கணப்படி இது மருத நிலம்.

மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். எனவே கொடுமுடியில் கணவன் மனைவி முறைத்துக்கொண்டால் அது குணக்கேடு அன்று, நில இயல்பு. இனி, மார்கழியும் தையும் முன்பனிக் காலம். தொல்காப்பியம் முன்பனியைக் குறிஞ்சிக்கு ஒதுக்குகிறது. குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும். அதன் உரிப்பொருளோ கூடல். ஆக, ஊடல் நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மார்கழி வந்ததும் மலை ஞாபகம் வருவதற்குச் சுற்றுலாத் துறையின் விளம்பரம் காரணமன்று. பொருளதிகாரமே காரணம்.

2. ஆய்வு நெறி

தம்பதியரின் பெயர் இங்கே சொல்லப்படவில்லை. தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது அகத்திணையின் பழைய சட்டம். இன்றைய பல்கலைக்கழக நெறிக் குழுக்கள் கேட்பதும் அதையேதான். கணவர் ஓய்வு பெற்றவர். மனைவி ஓய்வு பெறாதவர், இல்லத்தரசி. மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில்.

நாய்க்கு அந்தச் சட்டம் பொருந்தாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், வீரனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டு, அதன் பெயர் கோவிவன் என்று எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த முன்மாதிரியை வைத்து, நம் ஆய்வுக்குரிய நாயின் பெயர் மணி என்பதை வெளியிடுகிறோம்.

தரவுகள் அனைத்தும் ஆய்வாளரின் வீட்டுத் திண்ணையிலிருந்து திரட்டப்பட்டவை. இரு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றே உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதைச் சங்கப் பாடல்களின் துறைக் குறிப்புகள் ‘சிறைப்புறம்’ என்று கௌரவமாக ஏற்றுக்கொண்டிருப்பதால், ஒட்டுக்கேட்டல் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லை.

3. முதல் மாறி: பயணம்

மார்கழி விடியலில் கொடுமுடியின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அதற்கே ஊரில் பாதிப் பேர் குல்லாவும் மப்ளருமாகத் திரிவார்கள். அந்தக் குல்லாதான் ஆசையைக் கிளப்பிவிடுகிறது. ஊட்டியில் ஜனவரி மாதம் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படியும். அதைப் பேப்பரில் படம் போடுவார்கள். கணவர் படத்தைக் காட்டுவார். மனைவி பீரோவிலிருந்து அந்துருண்டை மணக்கும் ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போடுவார். பயணத் திட்டம் இவ்வாறு முறைப்படி தொடங்கும்.

திட்டத்தில் குறையேதும் இல்லை. ஈரோடு போனால் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் உண்டு. அங்கிருந்து மலை ரயில் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ரயில் அது. நூறாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டி இந்தத் தம்பதியருக்காக எப்போதும் தயாராகவே இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தடை வருவது நாலாம் நாள். “மணிய யாரு பாக்கறதுங்க?” என்பார் மனைவி. ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்புக் கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு வேனில் நாய்ப்பெட்டி. முன்னது கணவருக்கு ஒத்துவராது, பின்னது மனைவிக்கு ஒத்துவராது. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்று ஆனபோது, கணவர் அதையும் தடைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டார். அவரிடம் வண்டி என்று இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.

கொடைக்கானலைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒரே கருத்து. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தபோது வீட்டில் செப்டிக் டேங்க் வேலை நடந்தது. அடுத்து பூப்பது 2030இல். “அப்பப் பாத்துக்கலாம்” என்பது இந்தத் தம்பதியர் சண்டையின்றி எடுத்த முடிவுகளில் குறிப்பிடத்தக்கது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவிரித் தீர்த்தம் எடுத்து, தண்ணீர் கெடாமலிருக்க வன்னி இலை போட்டு, கொடுமுடியிலிருந்து பழனிக்குக் காவடி கட்டி நடக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் நாயும் வீடும் இல்லையா? உண்டு. ஆனால் நேர்த்திக்கடனுக்குப் போகிறவர்கள் யாரும் ‘போகலாமா’ என்று கேட்பதில்லை. கேள்வி இல்லாத இடத்தில் ஊடலுக்கும் வேலை இல்லை. ஆகவே நடைப்பயணம் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

4. இரண்டாம் மாறி: கொத்துவேலை

ஆய்வுக்குரிய வீடு, சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம், சமையல்கட்டுக்கு மேலே அட்டாலி, பின்னால் பொடக்காலி. வேலை தொடங்கியது ஒரே ஓர் ஓட்டில். அது ஒழுகியது. ஓட்டை மாற்ற ஏறியவர் சட்டம் இற்றுப்போயிருப்பதைக் கண்டார். சட்டத்தை மாற்ற வந்த ஆசாரி, சுவர் விரிசல் விட்டிருப்பதைக் காட்டினார். சுவரைப் பூச வந்த மேஸ்திரி, தரை வாட்டம் சரியில்லை, தண்ணீரெல்லாம் வாசலுக்கு வருகிறது என்றார். இதிலிருந்து பெறப்படும் விதி: ஒரு வீட்டில் பழுது பார்க்கப்படும் ஒவ்வொரு இடமும், அடுத்து பழுது பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் சாஸ்திரத்துக்கும் பங்கு உண்டு. வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு மாதங்களில்தான், மாதத்துக்கு ஒருநாள், கண் விழிக்கிறான். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கிலும் விழிப்பதே இல்லை. விழிக்கும் நாளிலும் மூன்றே முக்கால் நாழிகைதான், அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் விளக்கி, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுகிறான். இந்த அட்டவணையைக் கேட்ட மனைவி, “இது நம்ம மேஸ்திரி வர்ற கணக்காட்டவே இருக்குதுங்க” என்று கூறியதை ஆய்வாளர் அப்படியே பதிவு செய்கிறார். மணியின் அன்றாட அட்டவணையும், பூஜை ஒன்றைத் தவிர, இதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தவும் மாட்டார்கள், ஏனென்றால் பொங்கல் வருகிறது. போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டுவதற்குள் சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். “வெடியால ஆளு வந்துருமுங்க்கா” என்று மேஸ்திரி சொல்லும் வாக்கியம், வருவதற்கான உறுதியன்று. யாரும் ஊருக்குப் போய்விட வேண்டாம் என்பதற்கான உத்தரவு.

5. மூன்றாம் மாறி: நாய்

மணி எந்த இனம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ராஜபாளையம் என்பது கணவர் தரப்பு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது என்பதை அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். ராஜபாளையம் நாய் பொதுவாகப் பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. மணி செம்மண் நிறம், கரிமூக்கு. “ராஜபாளையமில்லைங்க, ரயில்வே ஸ்டேசன்” என்பது மனைவி தரப்பு. மகன்தான் அதை ஒரு மழை நாளில் நடைமேடையிலிருந்து தூக்கி வந்தான் என்பதும், வளர்க்கும் பொறுப்பை விட்டுவிட்டு மறுநாளே அந்த ஸ்டேஷனிலிருந்தே பெங்களூர் கிளம்பினான் என்பதும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட செய்தி.

கொத்துவேலையில் மணியின் பங்கு இரண்டு. ஒன்று, பொறியியல். காலிங்கராயன் வாய்க்கால் இத்தனை கோணலாக ஓடுவதற்கு, ஒரு பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் அதை வெட்டியதே காரணம் என்று ஊரில் கதை வழங்குகிறது. அதே மரபில், பொடக்காலியின் கழிவுநீர்க் குழாய் நேராகப் போகாமல் மாதுளைச் செடியைச் சுற்றிப் போகிறது. நேர்வழியில் மணி படுத்திருந்தது, எழுந்திருக்கவில்லை, பிளம்பர் மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டியிருந்தது.

மற்றொன்று, கல்வெட்டியல். வாசலுக்குச் சிமெண்ட் தளம் போட்டு மட்டப்பலகையால் இழுத்துவிட்ட அன்று மாலை, மணி அதன் மேல் குறுக்காக நடந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி சாதா சிமெண்ட் இறுகத் தொடங்க அரை மணியாவது ஆக வேண்டும். பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும். தெருவை நோக்கிய சுவடுகள் ஆழமாகவும், படியை நோக்கியவை மேலோட்டமாகவும் இருக்கின்றன. போகும்போது ஈரம், வரும்போது இறுக்கம். அதாவது மணி போய், வெகுநேரம் வெளியில் இருந்து, திரும்பியிருக்கிறது. எங்கே போனது என்பது கல்வெட்டில் இல்லை. பிரிட்டனில் கிடைத்த ரோமானியர் கால ஓடுகளிலும், காயப்போட்டிருந்தபோது நாய் மிதித்த தடங்கள் உண்டு. அந்த ரோமானியரோடு வாணிபத் தொடர்பு கொண்டிருந்த கொடுமணல், இங்கே காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அறச்சலூரில் இசைக் கல்வெட்டு, மறுபக்கம் புகளூரில் சேரர் கல்வெட்டு. இவ்விரண்டுக்கும் நடுவே மணியின் பொறிப்பை வைத்துப் பார்ப்பதே முறை.

தளத்தைப் பெயர்த்துப் போடலாமா என்று கேட்ட மேஸ்திரிக்குக் கிடைத்த பதில் முக்கியமானது. “இருக்கட்டுமுங்க. மூட்டை செலவு மிச்சம்” என்றார் கணவர். “இருக்கட்டும். மணி பாதம்” என்றார் மனைவி. காரணம் வேறு, முடிவு ஒன்று. அன்றைக்கு இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

6. தூதுமொழியின் இலக்கணம்

இனி, ஆய்வின் மையத் தரவு. ஒரு மார்கழிப் பகல், ஊட்டிப் பேச்சு முறிந்த மறுநாள்.

மனைவி (சமையல்கட்டிலிருந்து): “ஏன்டா மணி, உங்கய்யனுக்குச் சோறு வேணுமா, இல்ல பேப்பரையே தின்னுக்குவாரான்னு கேளு.”

கணவர் (ஆசாரத்திலிருந்து, பேப்பரை மடக்காமல்): “கொழம்பு வெச்சாச்சான்னு மொதல்ல உங்காத்தாளக் கேளு மணி.”

மனைவி: “வெச்சு, ஆறி, மறுக்காச் சுட வெச்சாச்சுன்னு சொல்லு.”

நாய்: (வால்.)

முன்னால் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதை வேறொருவருக்குச் சொல்வதாகச் சொல்வதைப் பழைய இலக்கணம் அறியும். கேட்காத, பேசாத பொருள்களை விளித்துப் பேசலாம் என்று செய்யுளியல் அனுமதிக்கும் பட்டியலில் ஞாயிறு, திங்கள், கடலோடு விலங்கும் உண்டு. ஆகவே மணிக்குத் தொல்காப்பியரின் உரிமம் இருக்கிறது.

ஆனால் கொங்கு நாட்டில் இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு தேவையும் உண்டு. இங்கே மரியாதை நாக்கில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு கோபம் வந்தாலும் கணவரிடம் ‘ஏனுங்க’ போகாது, ‘ங்க’ உதிராது. “உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?” என்றுதான் திட்ட முடியும், திட்டு பாதியிலேயே விசாரிப்பாகிவிடும். அந்தக் கோபம் போய் உட்கார ஓர் ஒருமை வேண்டும். மேலே உள்ள உரையாடலில் ‘ஏன்டா’ மணிக்குப் போகிறது, ‘தின்னுக்குவாரா’ என்ற மரியாதை கணவருக்கே நிற்கிறது. சொல் சேதாரமில்லாமல் சேர்ந்துவிடுகிறது. ‘டா’ மட்டும் நாயிடம் தங்கிவிடுகிறது. மணி அதைப் பொருட்படுத்துவதில்லை.

இதிலிருந்து நம் கோட்பாடு பிறக்கிறது. எந்த ஊடலுக்கும் மூன்று உறுப்பு வேண்டும்: பேச ஒரு பொருள், பழி போட ஒரு சாக்கு, சேதி கொண்டுபோக ஒரு தூது. இந்த வீட்டில் பொருள் பயணம்; சாக்கு கொத்துவேலை; தூது நாய். ஊட்டிக்குப் போகாததற்கு மேஸ்திரியைக் குறை சொல்லலாம், மணியைக் குறை சொல்லலாம். அவரும் இவரும் ஒருவரையொருவர் சொல்ல வேண்டிய தேவை வருவதில்லை.

7. பன்னிரண்டு வாயில்கள் போன கதை

தொல்காப்பியத்தின் கற்பியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சமாதானம் பேசும் வாயில்கள் பன்னிரண்டு என்கிறது. தோழி உண்டு, தாய் உண்டு, பாணன், கூத்தர், விருந்தினர், அறிவர் எனப் பட்டியல் நீள்கிறது, கண்டோரில் முடிகிறது. ஒரு காலத்தில் இந்த வீட்டிலும் இவர்கள் எல்லாம் வேறு பெயர்களில் இருந்தார்கள். மாமியார் இருந்தார், நங்கையாள் இருந்தார், அப்பாரு திண்ணையில் செருமுவார், ஒறம்பரை வந்தால் வாரக்கணக்கில் தங்குவார்கள். முகம் திருப்பிக்கொண்ட இருவரையும் சேர்த்து வைக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஒறம்பரைக்குக் காப்பி போடும் சாக்கில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இப்போது மாமியார் படத்தில் இருக்கிறார். ஒறம்பரை வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, மணி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு பெரிய வீட்டில் எஞ்சியது இரண்டு பேர். காலியான பன்னிரண்டு பணியிடங்களையும் ஒரே ஆளாக நிரப்பியிருப்பது இந்தப் பதின்மூன்றாம் வாயில். சம்பளம், மத்தியானச் சோறு.

மேஸ்திரியையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் வரும் நாட்களில் வீட்டில் டீ போடப்படுகிறது. மணல் விலை பேசப்படுகிறது. இருவரும் சேர்ந்து ஒருவரிடம் கோபப்படுகிறார்கள். வேலை முடிந்துவிட்டால் அவர் வரமாட்டார். அட்டாலிக்குக் கதவு போடும் வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்ற கேள்விக்கு, இந்தக் கோணத்தில்தான் விடை இருக்கிறது.

8. மாறுநிலைச் சோதனை

எந்தக் கோட்பாட்டையும் அதன் தூண்களை எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு ஒரு தை மாதத்தில் தானாக வந்தது. மேஸ்திரி சொன்ன தேதியில் வேலையை முடித்துவிட்டார், யாரும் எதிர்பார்க்கவில்லை. நாயை ஆய்வாளரின் வீட்டில் விடலாம் என்று முடிவானது. சாக்கும் இல்லை, தூதும் இல்லை. தம்பதியர் ஊட்டிக்குக் கிளம்பினார்கள்.

திரும்பி வந்து இருவரும் தனித்தனியே அளித்த வாக்குமூலங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. மலை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, “பாருங்க, சொரங்கம்”, “ம்” என்ற அளவிலேயே பேச்சு நடந்தது. ஏரியில் படகு விடும்போது அதுவும் நின்றது. சேரிங் கிராஸ் பக்கம் டீக்கடை வாசலில் புசுபுசுவென்று ஒரு தெருநாய் வந்து நின்றதும் நிலைமை மாறியது. மனைவி அதைப் பார்த்து, “ஏன்டா, குல்லா போடாம நிக்கறாரே, சளி புடிச்சா யாரு பாக்கறதுன்னு கேளு” என்றார். கணவர் அதே நாயிடம், “இத்தன தூரம் வந்தது குல்லா போட்டுக்கறதுக்கான்னு கேளு” என்றார். கொங்குத் தமிழ் அதற்குப் பழக்கம் இருக்க வாய்ப்பில்லை, எனினும் வாலாட்டியது. இருவரும் சிரித்தார்கள். அதன்பின் பேச்சு சரளமாக நடந்தது, வர்க்கியும் வாங்கப்பட்டது.

ஆக, குறிஞ்சி நிலத்தில் கூடல் தானாக நிகழ்வதில்லை. அங்கும் ஒரு வாயில் வேண்டியிருக்கிறது. பொருளதிகார உரைகளில் இதற்கு ஒரு சிறு குறிப்பு சேர்க்கப்பட வேண்டும்.

அந்த நாட்களில் மணி ஆய்வாளரின் வீட்டில் இருந்தது. அங்கே கிடைத்த தரவுகள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை. மணியைத் திருப்பிக் கொடுக்க ஆய்வாளரின் துணைவியார் தயங்கினார் என்பதையும், “பொழுதோட மட்டும் இங்க வந்து படுத்துக்கட்டுமே” என்று சுவருக்கு மேலே கேட்டார் என்பதையும் மட்டும் குறிப்பிடலாம்.

9. பரிந்துரைகள்

ஒன்று: தனித்திருக்கும் தம்பதியர், வீட்டில் ஏதாவது ஒரு மூலையை முடிக்காமல் வைத்திருப்பது நல்லது. மேஸ்திரியின் கைபேசி எண்ணை அழிக்க வேண்டாம்.

இரண்டு: பயணத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போவது விருப்பத்துக்கு உட்பட்டது. ஸ்வெட்டரை வெயிலில் போடுவது கட்டாயம்.

மூன்று: இந்திய ரயில்வே, நாய்களைச் சரக்காகக் கருதும் வழக்கத்தை மாற்றி, வாயில்கள் என்ற பிரிவில் இருக்கை தர வேண்டும்.

நான்கு: மணிக்கு ராஜபாளையம் என்ற சான்றிதழ் பெற எந்த முயற்சியும் எடுக்கக் கூடாது. அந்த இனத் தகராறு தீர்ந்துவிட்டால் கோடைக்காலத்துக்குப் பேச்சே இருக்காது.